கொரேயாத் தாயின் தண்ணீர்

பக்கத்திலேயே தண்ணீர் இருந்ததே, ஏன் எடுக்கவில்லை?

ஓவிடியோவை அடக்கம் செய்த நாளில் எங்கள் ஊரில் எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். ரொட்டிக் கடையில் கேட்டார்கள், வாய்க்கால் கரையில் கேட்டார்கள். அடுத்த வீட்டில் இருப்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று என்னையும் கேட்டார்கள். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் ஒரே வரியில் சொல்லத் தெரியாது. டெல்ஃபோர் தெஹாதா எப்படிப்பட்ட மனிதர் என்று முழுதாகச் சொன்னால்தான் அந்தப் பதில் புரியும்.

டெல்ஃபோர் மடைக்காரர். எங்கள் சான் ஹுவானில் மழையை நம்பி ஒரு செடியும் வளராது. மலையில் உருகும் பனிதான் வாய்க்கால் வழியாகத் திராட்சைத் தோட்டங்களுக்கு வருகிறது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு முறை உண்டு. முறை வந்தால் மடை திறக்கும், முறை முடிந்தால் மூடும். அந்த மடைகளின் சாவி டெல்ஃபோரின் இடுப்பில் தொங்கும். வாலிப வயதிலிருந்து சைக்கிளில் வாய்க்கால் கரையெல்லாம் சுற்றி வந்தவர். மடை சரியாக மூடியிருக்கிறதா என்று யார் சொன்னாலும் நம்பமாட்டார். போய்க் கண்ணால் பார்ப்பார், கையை விட்டும் பார்ப்பார்.

அவரிடம் ஒருவரும் தண்ணீர் திருடியதில்லை. அவரிடம் கேட்டு வாங்கியவரும் இல்லை. ஒரு கோடையில் பனி குறைந்து வாய்க்கால் பாதியாக ஓடியபோது, அவருடைய மனைவி சுல்மாவின் தம்பி ஓவிடியோ வந்து நின்றார்.

"மச்சான், பூ உதிருது. ராத்திரி கொஞ்ச நேரம் தெறந்து விட்டா போதும். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல."

"உங்க கூடப் பொறந்தவனா இருந்தா?"

"எங்கப்பனா இருந்தாலும் அடுத்தவன் முறையில கை வைக்கமாட்டேன். போடா, போய்த் தூங்கு."

அந்தக் கோடையில் ஓவிடியோவின் கொடிகள் காய்ந்துபோயின. தோட்டத்தை விட்டுவிட்டு, உலர் திராட்சைக் களத்தில் கூலிக்குப் போனார். வேறு யாராக இருந்தாலும் பேச்சு முறிந்திருக்கும். ஓவிடியோ முறிக்கவில்லை. அதைக் கேலியாக மாற்றிக்கொண்டார். டெல்ஃபோர் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே, "அக்கா, குடிக்கத் தண்ணி குடு. உன் புருசன்கிட்ட கேக்கமாட்டேன், என் முறை எப்ப வருமோ தெரியாது," என்பார். சுல்மா சிரிப்பார். டெல்ஃபோர் சிரிக்கமாட்டார். மாத்தே இலை போட்ட தேநீர்க் குடுவையில் சுடுதண்ணீர் ஊற்றி முதலில் மைத்துனரிடம் நீட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சைக்கிளில் குன்றுகளுக்குப் போவார்கள். எங்கள் ஊரில் சைக்கிள் இல்லாத வீடு இல்லை, ஆனாலும் இவர்களைப்போல் கல்லும் மணலுமான தடத்தில் ஏறுகிறவர்கள் கொஞ்சம்தான். ஓவிடியோ பாட்டுப் பாடிக்கொண்டே ஏறுவார், டெல்ஃபோர் மூச்சை எண்ணிக்கொண்டு ஏறுவார்.

போன குளிர்காலத்தில் ஓவிடியோவுக்குத் தெற்கே எண்ணெய் வயலில் வேலை கிடைத்தது. போனால் எப்போது திரும்புவார் என்று தெரியாது.  செய்தி கேட்ட மறுநாள் டெல்ஃபோர் ஒரு பழைய வரைபடத்தைக் கொண்டுவந்து சமையலறை மேஜையில் விரித்தார்.

"நீ போறதுக்கு முன்னாடி ஒரு வாரம். மலைக்கு அந்தப் பக்கம். நாம பார்க்காத இடம். கூடாரம் போட்டுத் தங்கிக்கலாம்."

ஓவிடியோ அக்காவைப் பார்த்தார். "அக்கா, இவருக்குக் காய்ச்சலா?"

அது காய்ச்சல் இல்லை. காய்ந்துபோன கொடிகளுக்காக டெல்ஃபோர் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்கும்படி தவறு செய்துவிட்டதாக அவர் நினைக்கவும் இல்லை. ஆனால் எதையாவது கொடுக்க வேண்டும் என்று இருந்தது. அவரால் கொடுக்க முடிந்தது இந்த ஒரு வாரம்தான்.

குளிர்காலம் முழுக்க அந்த மேஜையில் சாப்பிடுவதற்கு இடம் இல்லை. வரைபடத்தின் மடிப்புகள் தேய்ந்து சில இடங்களில் மலையே காணாமல் போயிருந்தது. அங்கெல்லாம் கைப்பேசியில் வானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்து டெல்ஃபோர் பென்சிலால் கோடு போட்டார். எங்கே ஏற்றம், எங்கே தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும், எங்கே காற்றுக்கு மறைவாகக் கூடாரம் அடிக்கலாம். அவருக்கு எல்லாவற்றையும் விட முக்கியம் தண்ணீர். ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஊற்றையோ ஓடையையோ குறித்தார். ஆளுக்கு இத்தனை புட்டி, காலையில் இவ்வளவு, ஏற்றத்தில் இவ்வளவு என்று பிரித்தார்.

"மச்சான், இது பயணமா, பாசனமா?" என்றார் ஓவிடியோ. "நான் என்ன திராட்சைக் கொடியா?"

"உன் பங்கு உனக்கு, என் பங்கு எனக்கு. நடுவழியில சண்டை வரக்கூடாது."

"சண்டை எங்க வரும்? செத்தாலும் நீங்க குடுக்கமாட்டீங்க, நானும் கேக்கமாட்டேன்."

"வாயைக் கழுவு," என்றார் சுல்மா, அடுப்பிலிருந்து திரும்பாமலே.

எடுத்துப்போகும் சாமான்களை வைத்து வேறு வாக்குவாதம். இறைச்சி சுட ஒரு கம்பி வலை வேண்டும் என்றார் ஓவிடியோ. கூடாரம், போர்வைப்பை, டியூப், சங்கிலிக் கண்ணி, காற்றடிக்கும் பம்பு, உப்புக்கண்டம், செமிட்டா ரொட்டி, மார்மெலோ பழ அல்வா, மாத்தே இலை எல்லாம் போக கம்பி வலைக்கு இடம் இல்லை என்றார் டெல்ஃபோர். கடைசியில் கம்பி வலை ஓவிடியோவின் சைக்கிள் பின்னால் ஏறியது.

நான்காவது நாள்தான் கஷ்டமான நாள். ஒரு நீண்ட வறண்ட பள்ளத்தாக்கில் ஏறி, கணவாயைத் தாண்டி, அந்தப் பக்கத்து ஆற்றுக்கு இறங்க வேண்டும். நடுவில் ஆடு மேய்ப்பவர்களின் குடிசை ஒன்றும் அதன் பக்கத்தில் ஓர் ஊற்றும் வரைபடத்தில் இருந்தன. அந்தப் பக்கம் லாரி ஓட்டுகிற ஒருவரைத் தேடிப் பிடித்து டெல்ஃபோர் விசாரித்தார். "அந்த ஊத்தா? அது எப்பவும் இருக்குமே," என்றார் அவர். வாழ்நாளெல்லாம் தண்ணீரைக் கண்ணால் பார்க்காமல் நம்பாத மனிதர், இந்த ஒரு தண்ணீரை மட்டும் வாய்ச்சொல்லில் நம்பினார். வேறு வழியும் இல்லை. போய்ப் பார்த்துவிட்டு வருகிற தூரமா அது?

கிளம்புவதற்கு முன் இன்னொரு புட்டியையும் நிரப்பினார். பெரிய புட்டி. அது கொரேயாத் தாய்க்கு.

போருக்கு இழுத்துப்போன புருசனைத் தேடிக் கைக்குழந்தையோடு பாலைவனத்தில் நடந்து, தாகத்தில் செத்தவள் அவள். செத்த பிறகும் அவள் மார்பில் பால் குடித்துக் குழந்தை பிழைத்தது என்பார்கள். எங்கள் சாலையெல்லாம் அவளுக்குச் சின்னச் சின்னக் கோயில்கள் உண்டு. வழிப்போக்கர்கள் அவள் தாகத்துக்குத் தண்ணீர் வைத்துவிட்டுப் போவார்கள். அந்தத் தண்ணீரை எங்கள் ஊரில் ஒருவரும் தொடமாட்டார்கள். டெல்ஃபோரின் அம்மா அவருக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாவம் அதுதான். தாகத்தில் செத்தவளின் வாயிலிருந்து பிடுங்குவது.

பஸ் நிலையத்தில் சைக்கிள்களை ஏற்றும்போது சுல்மா புருசனிடம் ஒன்றே ஒன்று சொன்னார்.

"எனக்குக் கூடப் பொறந்ததுன்னு மிச்சம் இருக்கிறது அவன் ஒருத்தன்தான். எப்படிக் கூட்டிட்டுப் போறீங்களோ, அப்படியே கொண்டாந்து விடுங்க."

"ஒரு கீறல் இல்லாம கொண்டு வரேன்," என்றார் டெல்ஃபோர்.

முதல் மூன்று நாள்கள் நன்றாகவே போயின. குறித்த இடத்தில் குறித்த ஓடை இருந்தது. ஓவிடியோ கம்பி வலையில் இறைச்சி சுட்டு, "இதுக்குத்தான் வேணாம்னீங்க," என்று மச்சானுக்குப் பெரிய துண்டாக வைத்தார். டெல்ஃபோர் அந்த நாள்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஒருமுறை மட்டும், "அவ்வளவு சிரிச்சது என் ஆயுசுல கிடையாது," என்றார்.

நான்காம் நாள் காலையில் வறண்ட பள்ளத்தாக்கின் வாசலில் தாயின் கோயிலைப் பார்த்தார்கள். நாய்க்கூண்டு அளவுக்கு ஒரு செங்கல் அறை, சிவப்பு நாடாக்கள், மெழுகு வழிந்த கல். சுற்றிலும் புட்டிகள், எல்லாம் நிரம்பிய புட்டிகள். டெல்ஃபோர் தொப்பியைக் கழற்றினார். கொண்டுவந்த பெரிய புட்டியை எடுத்து வைத்தார்.

"மச்சான்," என்றார் ஓவிடியோ, இந்த முறை சிரிக்காமல். "இன்னைக்கு நாள் பெருசு. திரும்பி வரும்போது வைக்கலாமே?"

"திரும்பி இந்த வழியா வரமாட்டோம்."

"அவகிட்ட எவ்வளவு இருக்கு பாருங்க. நம்ம புட்டி இல்லன்னா கோவிச்சுக்குவாளா?"

"அவளுக்குன்னு எடுத்தது, அவளுக்குத்தான்."

ஓவிடியோ தோளைக் குலுக்கிவிட்டு, போகிற போக்கில் தாய்க்கு ஒரு முத்தத்தைக் காற்றில் அனுப்பினார்.

நடுப்பகலுக்கு முன்பே காற்று மாறியது. ஸோண்டா எங்களுக்குப் புதிதில்லை. மலை உச்சியிலிருந்து அடுப்பு ஊதுவதுபோல் இறங்கும் காற்று, ஈரத் துணியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய வைத்துவிடும். ஊரில் ஸோண்டா அடித்தால் ஜன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே இருப்போம். அங்கே அடைக்க ஜன்னல் இல்லை. மணல் பல்லில் நறநறத்தது. பங்கு போட்ட தண்ணீர் பங்குக் கணக்கைத் தாண்டி இறங்கியது.

குடிசைக்குப் போய்ச் சேர்ந்தபோது கூரை இல்லை. ஆடு கட்டிய கல்வேலி சரிந்து கிடந்தது. ஊற்று இருந்த இடத்தில் வெடித்த சேறு. டெல்ஃபோர் சேற்றில் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தார். அடியில் கொஞ்சம் குளிர்ச்சி இருந்தது. தண்ணீர் இல்லை.

"உங்க லாரிக்காரரைக் கூப்பிட்டு முறை எப்பன்னு கேளுங்க," என்றார் ஓவிடியோ. அது அவருடைய கடைசிக் கேலி.

கணவாய்க்கு அப்பால் ஆறு இருக்கிறது, ஏறிவிடலாம் என்று டெல்ஃபோர் முடிவு செய்தார். அவர் போட்ட கோடு அப்படித்தான் சொன்னது. ஏறினார்கள். மேலே காற்று சைக்கிளைக் கையிலிருந்து பிடுங்கியது. ஒருமுறை ஓவிடியோவைச் சைக்கிளோடு தூக்கிப் போட்டது. விழுந்தவருடைய புட்டி ஒன்று உடைந்தது. எழுந்தவருக்குத் தலை சுற்றியது, வாந்தி வந்தது. அதற்குப் பிறகுதான் திரும்பினார்கள். குடிசைச் சுவரின் மறைவில் கூடாரத்தைப் போர்த்திக்கொண்டு படுத்தார்கள்.

விடிந்தபோதும் காற்று நிற்கவில்லை. ஓவிடியோவின் உடம்பு அனலாகக் கொதித்தது, வியர்வை இல்லை. டெல்ஃபோரிடம் ஒரே ஒரு புட்டி மிச்சம் இருந்தது. அதை மைத்துனரின் கையில் வைத்தார்.

"நான் கீழ போய் ஆளைக் கூட்டிட்டு வரேன். ஒரே மடக்கா குடிச்சிடாத, வாந்தி வரும். கொஞ்சம் கொஞ்சமா குடி." ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும் என்று தோன்றியது. "பாதி என் பங்கு. வச்சிரு."

ஓவிடியோ தலையாட்டினார். சிரித்தாரா என்று டெல்ஃபோருக்கு இன்றைக்கும் நிச்சயமாகத் தெரியாது.

இறக்கம்தான், ஆனாலும் மூன்று இடத்தில் விழுந்தார். நாக்கு தடித்து வாயை நிறைத்தது. அப்படியே தாயின் கோயில் முன்னால் வந்து நின்றார். காற்றில் நாடாக்கள் படபடத்தன. புட்டிகள் வெயிலில் மின்னின. அவர் வைத்த பெரிய புட்டி முன்வரிசையில் இருந்தது.

மண்டியிட்டு ஒரு புட்டியை எடுத்தார். மூடியைத் திருகினார். தண்ணீரின் மணம் வந்தது. தண்ணீருக்கு மணம் உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டதாகச் சொல்வார். ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மூடியைத் திருகி, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

பயமா, பக்தியா என்று கேட்டால் இரண்டும் முழுதாக இல்லை என்கிறார். அந்தத் தண்ணீர் அவளுடைய முறை, அவ்வளவுதான். கொடிகள் காய்ந்தபோது ஓவிடியோவுக்கே திறக்காத மடையை இப்போது எப்படித் திறப்பது? ஒருமுறை திறந்துவிட்டால், அன்று மூடி வைத்ததற்கு என்ன நியாயம் மிச்சம் இருக்கும்? இதையெல்லாம் அப்போது இவ்வளவு தெளிவாக அவர் யோசிக்கவில்லை. கை தானாக மூடியது என்கிறார். அப்படி மூடிப் பழகிய கை.

சாலைக்குப் போகும் வழியில் நினைவிழந்து கிடந்தவரை எலூதேரியா என்ற ஆடு மேய்க்கும் பெண் பார்த்தாள். வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள். அவருக்குப் பேச்சு வந்ததும் மேலே ஒருவர் இருப்பதைச் சொன்னார். அவரைக் கழுதையில் ஏற்றி, இன்னொரு கழுதையை இழுத்துக்கொண்டு உடனே கிளம்பினாள். கோயிலருகில் நிறுத்தி, புட்டிகளைச் சரசரவென்று அள்ளிச் சாக்கில் போட ஆரம்பித்தாள்.

"தொடாதீங்கம்மா!" என்று கத்தினார் டெல்ஃபோர். "அது தாயோடது!"

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஆமா, தாயோடதுதான். பின்ன எதுக்கு நாங்க வாரா வாரம் வந்து ரொப்பி வைக்கிறோம்னு நெனச்சீங்க? இந்தப் பள்ளத்தாக்குல வேற எங்கய்யா தண்ணி இருக்கு?" அப்புறம்தான் அவளுக்குச் சட்டென்று உறைத்தது. "நீங்க... இந்த வழியாத்தானே இறங்கி வந்தீங்க?"

அவர் கழுதையின் கழுத்தோரம் முகத்தைத் தாழ்த்திக்கொண்டார். அவள் மிச்சப் புட்டிகளையும் அள்ளினாள். அவர் வைத்த பெரிய புட்டியும் சாக்கில் போனது.

குடிசைச் சுவரோரம் ஓவிடியோ சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உயிர் போய் அதிக நேரம் ஆகியிருக்காது என்று பின்னால் டாக்டர் சொன்னார். மடியில் புட்டி இருந்தது, மூடி இறுக்கமாகத் திருகியிருந்தது. உள்ளே பாதித் தண்ணீர் இருந்தது.

அந்தப் புட்டியை டெல்ஃபோர் ஊருக்குக் கொண்டுவந்தார். சுல்மாவிடம் எதையும் மறைக்கவில்லை. சுல்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கோயில்ல தண்ணி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

சுல்மா அலறவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தாகத்துல செத்தவளுக்குத் தெரியாதா தாகம்னா என்னன்னு? அவளா குடுக்கமாட்டேன்னு சொல்லியிருப்பா?"

அதற்கப்புறம் அந்த வீட்டில் பேச்சு குறைந்துபோனது. மாத்தேக் குடுவை மேஜையில் இருக்கும், யாரும் யாருக்கும் நீட்டுவதில்லை. டெல்ஃபோர் மடைச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இனிமேல் மூடுகிற வேலை தன்னால் முடியாது என்று மட்டும் சொன்னார்.

இப்போது ஒரு டப்பா சிவப்புப் பெயின்டும் பலகைகளும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் போகிறார். சாலையோரம் தாயின் கோயில் எங்கே இருந்தாலும் ஒரு பலகை நடுகிறார்: தாகமா, எடுத்துக் குடி. எங்கள் ஊர்க்காரர்கள் சிலர் அதைப் பிடுங்கி எறிகிறார்கள். தாய்க்கு அவமரியாதை என்கிறார்கள், ஒருவர் கல்லால் அடித்ததில் டெல்ஃபோரின் நெற்றியில் தழும்பு இருக்கிறது. அவர் சண்டைக்குப் போவதில்லை, மறுநாள் வேறு பலகை கொண்டுபோகிறார். நானும் இரண்டு தடவை கூடப் போனேன்.  ஒரு கோயிலில் மட்டும் ஒரு புட்டியைத் திறந்து குடித்தார், குடித்துவிட்டு அழுதார்.

பலகையைப் பிடுங்கலாம், காதில் விழுந்ததைப் பிடுங்க முடியாது. அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மலைப்பக்கம் சைக்கிளில் போகிறவர், கூடாரத்தைக் கட்டிக்கொண்டு தெரியாத ஊருக்குக் கிளம்புகிறவர் யாரைப் பார்த்தாலும் இந்தக் கதையைச் சொல்லுங்கள். பேர்கள் மறந்துபோனால் பரவாயில்லை. தாயின் தண்ணீரை எடுத்துக் குடிக்கலாம் என்பதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். அவர்களையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.